மரக்கல மாதிரிக்குப் பலகை பாவும் முறை
(ஆரம்ப அப்பியாசிகளுக்கு ஒரு பாடம்)

கிராமவாசிகளின் ஓய்வு நேரத்தைப் பிரயோஜனமுள்ள கைவேலையில் செலுத்தச் செய்வது கிராமப் புனருத்தாரணத்தின் முக்கிய நோக்கங்களில் ஒன்றாகும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களில் தோல் பதனிடும் சாலைகளையும் பாதரட்சைத் தொழிற்சாலைகளையும் நம்பி ஜீவிக்கும் குடும்பங்கள் அநேகம். சரக்குக்குக் கிராக்கி குறைந்த மாதங்களில் அக்குடும்பத்து வாலிபர்களுக்கு வேலை இராது. ஆயினும் கத்தி பிடிக்கவும், அளவெடுக்கவும், பசை பூசவும் பழகிய கை இருக்கும். அத்தகைய கைக்கு ஏற்றதான ஒரு வேலை மரக்கலத்தின் சிறு மாதிரியைச் செய்வது. அதிலே மிகக் கடினமென்று கருதப்படும் பாகம், கலத்தின் உடலுக்குப் பலகை பாவுதல். அதை மட்டும் இப்பாடத்தில் விவரிக்கிறோம்.

1. கடலில்லாத ஊருக்குக் கப்பல் எதற்கு?

கடலுக்கு ஏறத்தாழ நூறு மைல் தூரத்தில் இருக்கிற நமக்குக் கப்பலைப் பற்றிய பாடம் ஏன் என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். நம் பக்கத்துத் தோல் கடல் கடந்து விலையாகிற சரக்கு என்பதை நினைத்தால் இதன் விடை விளங்கும்.

1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் இருப்புப் பாதை திறக்கப்பட்டது. அக்காலத்தில் சென்னையில் கப்பல் அணைந்து நிற்பதற்கு ஏற்ற துறைமுகம் இல்லை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே சீறும் அலைகளைக் கடந்து சரக்குகளையும் பிரயாணிகளையும் கொண்டு சேர்த்தவை மசூலாப் படகுகள். அப்படகுகளின் பலகைகள் ஆணியால் அறையப்பட்டவை அல்ல; தென்னை நார்க்கயிற்றால் ஒன்றோடொன்று தைக்கப்பட்டவை. அலை மோதினால் ஆணியடித்த விறைப்பான படகு பிளந்து போகும். தைத்த படகோ சற்று நெகிழ்ந்து கொடுத்து உள்ளிருப்பவர்களை உயிரோடு கரை சேர்க்கும். பலகையை இன்ன விதமாகப் பொருத்துவது என்பது கடலோரத்து மக்களுக்கு உயிர் சம்பந்தமான விஷயமாக இருந்தது என்பதை இதனால் அறியலாம்.

இன்னொரு திருஷ்டாந்தமும் உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930-ஆம் வருஷத்தில் கட்டப்பட்ட “அன்னபூரணி அம்மாள்” என்னும் இரு பாய்மரக் கலம் வேப்ப மரத்தால் ஆனது. நீளம் ஏறத்தாழ 90 அடி. அதை ஓர் அமெரிக்கர் விலைக்கு வாங்கி, வேறு பெயரிட்டு, வல்வெட்டித்துறை மாலுமிகளைக் கொண்டே செலுத்துவித்தார். அது 1938-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவிலுள்ள குளோஸ்டர் துறையைச் சேமமாய் அடைந்தது. நம் வீட்டு வாசலில் நிழல் தரும் வேம்பே தமிழ்க் கைவினைஞரிடம் பலகையாகி இத்தனை தூரம் சென்றது.

இப்பொழுது மீன் பிடிக்கும் படகுகள் பெரும்பாலும் கண்ணாடி நாரினால் செய்யப்படுகின்றன. பலகை பாவத் தெரிந்த கைகள் வர வரக் குறைந்து வருகின்றன. ஒரு சிறு மாதிரியைச் சரியாகச் செய்யத் தெரிந்தவரிடத்தில் அந்த வித்தையின் கணக்காவது நிலைத்திருக்கும்.

2. கலத்தின் உறுப்புக்கள்

கலத்தின் அடியில் முதுகெலும்பு போல் நீண்டு கிடப்பது ஏரா. முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். ஏராவின் மேல் விலாவெலும்பு போல் வரிசையாக நிற்பவை வங்குகள். வங்குகளின் மேல் அணியம் முதல் அமரம் வரையில் நீளவாட்டில் போர்த்தப்படுபவை பலகை வரிகள்.

மாதிரியில் வங்குகளை ஒட்டுப்பலகையில் முழுத் தகடாக அறுத்து, ஏராவில் இடைவெளி விட்டுப் பொருத்துவது சுலபம். 18 அங்குல நீளமுள்ள கலத்துக்கு 9 வங்குகள் போதும். பலகையின் விளிம்பு உட்கார்வதற்காக ஏராவின் இரு பக்கத்திலும் அணியக் கட்டையிலும் அரை நூல் ஆழத்துக்குக் காடி எடுத்துக்கொள்ள வேண்டும். தச்சர் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 8 நூல் என்பது அங்கத்தினர்கள் அறிந்ததே. இப்பாடத்தில் அளவுகளை நூலிலேயே சொல்லுவோம்.

3. வேண்டிய சாமான்கள்

பலகைக்கு 2 நூல் அகலமும் அரை நூல் கனமும் 24 அங்குல நீளமும் உள்ள மரப்பட்டைகள் சுமார் 50 வேண்டும். மெட்ரிக் அளவில் அகலம் சுமார் 6 மில்லிமீட்டர், கனம் ஒன்றரை மில்லிமீட்டர். வேம்பு பெரிய கலத்துக்கு உகந்ததாயினும் அதன் இழை பின்னிக் கிடப்பதால் மெல்லிய பட்டையாகச் சீவும்போது பெயர்ந்து வரும். ஆகையால் ஆரம்பத்தில் நேரான இழையுள்ள தேக்கு அல்லது மஞ்சக்கடம்பின் கழிவுத் துண்டுகளைத் தச்சுப் பட்டறையில் வாங்கிக்கொள்வது நலம். முடிச்சுள்ள பட்டையை விலக்க வேண்டும். சந்தனத்தையும் செம்மரத்தையும், யார் எவ்வளவு சொற்ப விலைக்குக் கொடுத்தாலும், சட்டப்படியான ரசீது இல்லாமல் தொடவே கூடாது. விளையாட்டு வேலைக்காக வாங்கிய சிறு துண்டும் வழக்கில் கொண்டு போய் விடும்.

கருவிகள்: சிறு இழைப்புளி, கூரிய கத்தி, அரம், மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாள், கவராயம், பென்சில், குண்டூசிகள், துணிக்குப் போடும் கிளிப்புகள், காகித நாடா.

பசை விஷயத்தில் நம் பிரதேசத்துக்கு ஒரு விசேஷ சௌகரியம் உண்டு. தச்சர்கள் தொன்றுதொட்டு உபயோகித்து வந்த வச்சிரம் தோலிலிருந்தே எடுக்கப்படுவது. பச்சைத் தோலைச் சுண்ணாம்பிலிட்டுச் சதை நீக்கும்போது விழுகிற கழிவும் ஓரத்து நறுக்கும் அதற்கு மூலப்பொருள். பதனிட்ட தோலின் நறுக்கு அவ்வளவு எளிதில் பசையாகாது. வச்சிரத்தை இரவில் குளிர்ந்த ஜலத்தில் ஊறவைத்து, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து அதிலே உருக்க வேண்டும். சூடு 60 டிகிரி சென்டிகிரேடு அளவில் இருக்கட்டும். கொதிக்க விட்டால் பிடிப்புக் கெடும். சூடு ஆறும்போதே அது பிடித்துக்கொள்ளுமாதலால் ஒரு சமயத்தில் ஒரு பலகைக்கு மட்டும் பூச வேண்டும். கடைகளில் விற்கும் வெள்ளைப் பசையும் நல்லதே. ஆனால் வச்சிரத்தில் ஒரு பெரிய அனுகூலம் உண்டு: தவறாக ஒட்டிய பலகையின் மேல் வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டு வைத்தால் அது இளகி, பலகை சேதமில்லாமல் கழன்று வரும். ஆரம்ப அப்பியாசிக்கு இதைக் காட்டிலும் உதவி வேறில்லை. ஈரம் இதற்குச் சத்துரு. ஆகையால் முடிந்த மாதிரியை ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும்.

4. வங்குகளைச் சாய்த்தல்

பலகை பாவத் தொடங்கு முன் செய்ய வேண்டிய முக்கிய வேலை இது. நடு வங்குகளின் மேல் பலகை நேராகப் படியும். அணியத்தையும் அமரத்தையும் நெருங்க நெருங்கக் கலம் குறுகுவதால், அங்கே பலகை வங்கின் விளிம்பைச் சாய்வாகக் கடந்து செல்லும். வங்கின் விளிம்பு சதுரமாகவே இருந்தால் பலகை அதன் ஒரு முனையில் மட்டும் தொடும், பசை பிடிக்காது. ஆகவே அவ்விளிம்பைச் சாய்வாக அராவ வேண்டும்.

பரீட்சை சுலபமானது. ஒரு மெல்லிய பட்டையை மூன்று நான்கு வங்குகளின் மேல் வளைத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வங்கின் முழுக் கனத்திலும் பட்டை படிந்தால் சரி. ஏதேனும் ஒரு வங்கு உயர்ந்து பட்டையைத் தூக்கினால் அதை அராவ வேண்டும். தாழ்ந்திருந்தால் அதன் மேல் மெல்லிய சீவலை ஒட்டி நிரப்ப வேண்டும். இந்த வேலைக்கு ஒரு நாள் முழுவதும் சென்றாலும் நஷ்டமில்லை. வங்கில் உள்ள மேடு பள்ளம் யாவும் பலகையின் மேல் தெரிந்தே தீரும்.

5. மரம் தோல் அல்ல

பாதரட்சை செய்பவர் மேல்தோலைக் கட்டையின் மேல் எப்படி இழுத்துப் போர்த்துகிறார் என்று நாம் அறிவோம். தோல் எல்லாப் பக்கமும் நீளும். முனையில் மிஞ்சுகிற சுருக்கத்தை மடித்து, அடியில் நறுக்கி விடலாம். கலத்தின் வயிறும் கட்டையைப் போலவே இரு திசையிலும் வளைந்தது. ஆனால் அதன் மேல் போர்த்தும் மரமோ தன் கனத்தின் வாட்டத்தில் மட்டுமே வளையும், அகலவாட்டத்தில் வளையாது, சுருங்கவும் செய்யாது. பலாத்காரமாக வளைத்தால் ஒரு விளிம்பு எழும்பும், அல்லது பட்டை பிளக்கும்.

ஆம்பூருக்கு அடுத்த ஒரு கிராமத்தில் ஒரு வாலிபர், வேலையில்லாத மாதத்தில் தம் சேமிப்பைக் கொண்டு பட்டைகள் வாங்கி ஒரு கலம் செய்யத் தொடங்கினார். பன்னிரண்டு பலகைகளை முழு அகலத்தோடு ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொண்டே போனார். அணியத்தில் அவை ஒன்றின் மேல் ஒன்று ஏறின. ஊசி குத்தி அழுத்தியதில் மூன்று பிளந்தன. ஏராவும் வில்லைப் போல் ஒரு பக்கம் வளைந்தது. அதை அடுப்பில் போடப் போனவரைப் பார்த்து, பாதரட்சை வேலையில் முதிர்ந்த அயல்வீட்டுப் பெரியவர் ஒருவர், “தம்பி, தோலை இழுத்தால் வரும், மரம் வருமா? அளந்து வெட்டப்பா” என்றாராம். வச்சிரத்தில் ஒட்டியிருந்தபடியால் வெந்நீர்த் துணியால் ஒன்பது பலகைகள் மீண்டன. அளந்து வெட்டிப் புதிதாகப் பாவிய அக்கலம் இப்பொழுது அவ்வூர்ப் பள்ளிக்கூடத்து அலமாரியில் இருக்கிறது. பெரியவர் சொன்ன சொல்லே இப்பாடத்தின் சாரம்.

6. முதற் பலகையும் பங்கீட்டுக் கணக்கும்

முதற் பலகையை மேல்தளத்தின் ஓரக் கோட்டை ஒட்டி, முழு அகலத்தோடு, அணியம் முதல் அமரம் வரையில் இரு பக்கத்திலும் பாவ வேண்டும். மற்ற வரிகளெல்லாம் இதைப் பின்பற்றுமாதலால் இரு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று முன்னிருந்தும் பின்னிருந்தும் பார்க்க வேண்டும்.

பிறகு ஒவ்வொரு வங்கிலும் முதற் பலகையின் கீழ் விளிம்பிலிருந்து ஏராக் காடி வரையில் காகித நாடாவை வளைத்து வைத்து நீளத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். உதாரணமாக, மிக அகன்ற நடு வங்கில் 40 நூல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பலகை 2 நூல் அகலமாதலால் 20 பலகைகள் வேண்டும். இந்த 20 பலகைகளும் அணியம் வரையில் செல்ல வேண்டுமாதலால், மற்ற வங்குகளின் நீளத்தையும் 20-ஆலேயே வகுக்க வேண்டும்:

நடு வங்கு: 40 நூல், ஒரு பலகையின் அகலம் 2 நூல்.
அதற்கு முன் வங்கு: 35 நூல், அகலம் 1¾ நூல்.
அதற்கும் முன் வங்கு: 30 நூல், அகலம் 1½ நூல்.
அணியத்தை ஒட்டிய வங்கு: 25 நூல்; அகலம் 1¼ நூல்.

இவ்விதம் கலத்தின் குறுக்கம் முழுவதையும் கடைசிப் பலகைகளின் தலையில் சுமத்தாமல், எல்லாப் பலகைகளுக்கும் சமமாகப் பங்கிடுகிறோம். ஒவ்வொன்றும் சிறிது குறுகினால் ஒன்றும் பிளவாது.

இதில் இரண்டு விதிகளை நினைவில் வைக்க வேண்டும்.

முதல் விதி: பலகையின் அகலம் எந்த இடத்திலும் பாதிக்குக் குறையலாகாது, அதாவது நம் பட்டைக்கு 1 நூலுக்குக் கீழ் போகலாகாது. அணியத்தில் 16 நூல்தான் இருக்கிறதென்றால் 20 பலகைகளுக்கு அங்கே இடமில்லை. 16 பலகைகளே செல்லலாம். அப்பொழுது, அடுத்தடுத்துள்ள இரண்டு பலகைகளின் அகலமும் சேர்ந்து 2 நூலாகும் இடத்துக்குக் கிட்டிய வங்கின் மேல் அவ்விரண்டையும் நேராக நறுக்கி, அங்கிருந்து ஒரே பலகையாக மேலே செலுத்த வேண்டும். இவ்வாறு நான்கு ஜோடிகள் நான்கு பலகைகளாகும். மொத்தம் 16 ஆகிவிடும். நறுக்கிய இடங்கள் யாவும் ஒரே வங்கில் வராமல், ஒன்று விட்டு ஒன்றாக அமைவது அழகும் உறுதியுமாகும்.

இரண்டாம் விதி: சில கலங்களில் அமரப் பக்கம் நடு வங்கைக் காட்டிலும் விரிந்திருக்கும். அங்கே 44 நூல் இருந்தால் 20 பலகைகள் 40 நூலைத்தான் மூடும். மிஞ்சிய 4 நூலுக்காகப் பலகைகளை விலக்கி வைக்கலாகாது. பலகைகளைத் தம் போக்கில் படிய விட்டு, இயற்கையாக உண்டாகும் இடைவெளியில் ஆப்பைப் போல் ஒரு முனை கூர்ந்த செருகு பலகைகளை வைக்க வேண்டும்.

7. சீவுதலும் வளைத்தலும்

பட்டையை வங்குகளின் மேல் பிடித்து, ஒவ்வொரு வங்கின் இடத்தையும் அதன் மேல் குறித்துக்கொண்டு, அவ்விடங்களில் கணக்கிட்ட அகலத்தைக் கவராயத்தால் வைத்து, புள்ளிகளை ஒரே கோடாகச் சேர்க்க வேண்டும். சீவுவது ஒரு விளிம்பில் மட்டும் இருக்கட்டும். முன் பலகையோடு சேரும் விளிம்பு சீவப்படாமல் நேராக இருந்தால் பொருத்தம் சுலபம். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் உரிய இரண்டு பட்டைகளைச் சேர்த்துப் பிடித்து ஒன்றாகச் சீவினால் இரண்டும் ஒரே அளவாக வரும்.

அணியத்தில் வளைவு கடுமையாயிருக்கும். பட்டையின் முனையை அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, கலத்தின் மேலேயே வளைத்துக் கிளிப்பினால் பிடித்து உலர விட வேண்டும். ஈரத்தோடு ஒட்டிவிடக் கூடாது. ஈர மரம் ஊதியிருக்கும். உலர்ந்தபின் சுருங்கி வரிகளுக்கு நடுவே சந்து விடும். உலர்ந்து வடிவம் பெற்ற பிறகே பசை பூச வேண்டும்.

8. ஒட்டும் வரிசை

இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றியே ஒட்ட வேண்டும். ஒரே பக்கத்தில் பல வரிகளை ஏற்றினால் அவற்றின் இழுப்பினால் ஏரா வளைந்துவிடும்; வளைந்த ஏராவைப் பின்னால் நிமிர்த்துவது அரிது.

மேலிருந்து பத்து வரிகள் ஆனபின் ஏராவை ஒட்டிய பலகையைப் பாவி, அங்கிருந்து மேல்நோக்கி வர வேண்டும். ஏராவை ஒட்டிய பலகை அணியக் கட்டையின் மேல் உயர ஏறிவிடாமல் கவனிக்க வேண்டும். அது ஏறினால் மற்ற வரிகளுக்கு அணியத்தில் இடமில்லாமற் போகும்.

கலத்தின் வயிறு உருண்டு திரும்பும் இடத்தில் இரு பலகைகளின் உள்விளிம்பு தொட்டு, வெளிவிளிம்பு விரிந்து நிற்கும். புதுப் பலகையின் உள்விளிம்பை மட்டும் சற்றே சாய்வாகச் சீவினால் சந்து மூடிவிடும். பசையை வங்கின் மேலும் முன் பலகையின் விளிம்பிலும் பூச வேண்டும். குண்டூசியைப் பட்டையின் நடுவே குத்தாமல், அதன் விளிம்பை அணைத்து வங்கில் குத்தினால் பட்டை பிளவாது.

நான்கு வரிகளுக்கு ஒரு முறை காகித நாடாவினால் மீண்டும் அளந்து, எஞ்சிய இடத்தை எஞ்சிய பலகைகளால் வகுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வரிக்கு மயிரளவு பிசகினாலும் இருபது வரிக்குள் அது ஒரு பலகையின் அகலமாகிவிடும். சங்கத்துக் கணக்கை மாதந்தோறும் சரி பார்ப்பது போலவே இதுவும். வருஷ முடிவில் பார்த்துக்கொள்ளலாமென்று விட்ட பிசகு பின்னால் திருத்த முடியாததாகும்.

கடைசிப் பலகைக்கான இடத்தின் மேல் காகிதத்தை வைத்து, விளிம்புகளைப் பென்சிலால் தேய்த்து வடிவமெடுத்து, அதைவிடச் சிறிது அகலமாக வெட்டி, கொஞ்சம் கொஞ்சமாக அராவிப் பொருத்த வேண்டும்.

9. முடிக்கும் வேலை

பெரிய கலத்தில் பலகைகளின் இடைவெளியில் பஞ்சைத் திணித்து அடைப்பார்கள். அதற்குக் கலப்பத்து என்று பெயர். மாதிரியில் அதே மரத்தின் தூளைப் பசையில் குழைத்துச் சிறு சந்துகளை நிரப்பினால் போதும். ஒரு நாள் உலர்ந்தபின் உப்புத்தாளினால் இழையின் வாட்டத்தில் தேய்க்க வேண்டும். பலகையின் கனமே அரை நூல். ஆத்திரத்தில் தேய்த்தால் துளை விழும். தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வது அவசியம்.

10. செலவைப் பற்றி ஒரு வார்த்தை

இவ்வேலைக்காக அங்கத்தினர் எவரும் சங்கத்தில் கடன் கேட்க வேண்டாம் என்பது எமது அபிப்பிராயம். விலைக்கு வாங்குவார் உண்டா என்று தெரிவதற்கு முன் மரத்தில் பணத்தை முடக்குவது விவேகமாகாது. முதலில் ஒரு தட்டையான பலகையின் மேல் பாதிக் கலத்தை மட்டும் செய்து பழகலாம். பாதி மரமே செலவாகும். பலகையோடு ஒட்டியிருப்பதால் ஏரா வளையும் பயமும் இல்லை. அது தேறினால், அன்னபூரணி போன்ற ஒரு கலத்தை அடிக்குக் கால் அங்குலம் என்ற விகிதத்தில் சுமார் 22½ அங்குல நீளத்துக்குச் செய்யலாம். முதற் கலத்தை விற்காமல் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பது நலம். தம் தகப்பனார் பதனிட்ட தோல் எதிலே ஏறிக் கடல் கடந்ததென்று கடலையே பாராத குழந்தைகள் கண்ணால் காணட்டும்.

பாடச் சுருக்கம்

(1) வங்குகளை முதலில் சாய்த்துச் சமப்படுத்து. (2) ஒவ்வொரு வங்கிலும் அளந்து, நடு வங்கின் பலகைத் தொகையால் வகு. (3) பாதி அகலத்துக்குக் குறைக்காதே. (4) வளைத்து, உலர்த்தி, பிறகு ஒட்டு. (5) இரு பக்கமும் மாற்றி மாற்றிப் பாவு. (6) நான்கு வரிக்கு ஒரு முறை மீண்டும் அள.

அப்பியாசம்

நடு வங்கில் 48 நூலும், அணியத்தில் 36 நூலும், அமரத்தில் 52 நூலும் உள்ள ஒரு கலத்துக்கு 2 நூல் பட்டையில் எத்தனை பலகைகள் வேண்டும்? அணியத்தில் ஒவ்வொன்றின் அகலம் என்ன? அமரத்தில் செருகு பலகைக்கு விட வேண்டிய இடம் எவ்வளவு?

விடை: 24 பலகைகள், 1½ நூல், 4 நூல்.